அமுதகலசம் இறங்கிய வரலாறு

ஆசியக் கண்டத்திலேயே மேகங்களுக்கு மிக அருகில் மனித உயிர் உருவாக்கப்படும் புனிதத் தலம் ஏற்காட்டில், கிளியூர் போகும் சாலையில் அமைந்திருக்கிறது என்று அமுதகலசம் உலகக் கருவாக்க மையத்தின் திறப்புவிழாக் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டு இப்போது தரைக்கு நாற்பது அடி கீழே ஈரமண்ணுக்குள் இருப்பதால், மேகங்களோடு அதற்கு உள்ள நெருக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாலு மாடிக் கட்டடம். இடியவில்லை, சாயவில்லை, ஒரு ஜன்னல் கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. உளைச்சேற்றில் காலை விட்டவன் மாதிரி, நின்றது நின்றபடியே ஏழு வருடத்தில் மண்ணுக்குள் போய்விட்டது. இன்றைக்கு மொட்டைமாடி மட்டும் சாலைமட்டத்துக்கு இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அதில் மிளகு காயப்போடுகிறார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் விஜயகுமாருக்குப் படிப்பைவிடப் பட்டங்கள் அதிகம். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து அவருக்குச் ‘சந்தானச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தை வழங்கிய பேரவைக்கு அவருடைய மச்சான்தான் தலைவர். அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில், அவர் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு போர்டில் நின்றார். பின்னால் மேகம், மேகத்தில் உருண்டுகொண்டிருக்கும் வெள்ளைக்காரக் குழந்தைகள், கீழே ‘வெற்றி: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு’. பஸ்ஸில் ஏறி வருகிற பிள்ளையில்லாத பெண்கள் அந்த எண்ணைக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்புவார்கள். கர்ப்பம் என்று சோதனையில் தெரிந்த நிமிடமே அது வெற்றிக் கணக்கில் ஏறிவிடும். பிறந்த குழந்தைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அந்த நூற்றில் வராது.

மையத்தில் சிஸ்டர்களுக்கு ஒரே ஒரு விதிதான். சிரிக்க வேண்டும், சொல்லக் கூடாது. தினமும் காலைக் கூட்டத்தில் டாக்டர் இதை எடுத்துச் சொல்வார். வருகிற ஜோடிகளுக்கோ இது தெரியாது. டாக்டர் அறையில் எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் ஊசி போடுகிற சிஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை கேள்விகளையும் அங்கேதான் கேட்பார்கள். சிஸ்டர்கள் சிரிப்பார்கள். மூத்த சிஸ்டர் சுதாராணி, எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து சேலத்தில் நர்ஸிங் படித்தவள், மற்றவர்களைவிட நன்றாகச் சிரிப்பாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

மலையில் சில குடும்பங்களின் ரத்தத்தில் அரிவாள் அணு என்று ஒன்று உண்டு. உருண்டையாக இருக்கவேண்டிய ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்து, குளிர் வந்தால் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களில் போய் மாட்டிக்கொள்ளும். அப்பா அம்மா இருவரிடமும் அதன் சாயல் பாதி பாதி இருந்தால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. பிள்ளைக்கு முழுதாக வந்துவிட்டால் எலும்பெல்லாம் வலிக்கும். சொந்தத்திலேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற ஊர்களில் இந்தப் பாதியும் பாதியும் சந்தித்துக்கொள்வது ஒன்றும் அதிசயமல்ல. மையம், வருகிற எல்லோருடைய ரத்தத்தையும் இதற்காகச் சோதித்தது. சோதிப்பது உலகத்தரம். முடிவைச் சொல்வது உலகத்தரத்தில் சேரவில்லை.

கிளியூர் கவிதாவும் அவள் புருஷனும்தான் முதல் ஜோடி. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவர்கள்; மையம் விளம்பரத்துக்காக இலவசமாக எடுத்துக்கொண்ட ஜோடி. இருவருக்கும் பாதி பாதி என்று முடிவு வந்தது. டாக்டர், “ஃபர்ஸ்ட் கிளாஸ் ரத்தம்மா” என்றார். சுதாராணி சிரித்தாள். அவர்கள் படியிறங்கிப் போனபோது கட்டடம் ஒரு சாண் இறங்கியது. லிஃப்ட் கீழே போகும்போது வயிற்றில் ஒன்று கிளம்புமே, அது எல்லா சிஸ்டர்களுக்கும் ஒரே சமயத்தில் கிளம்பியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லக் கூடாது என்ற விதி இதற்கும் பொருந்துமென்று நினைத்து, ஊசிகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார்கள்.

அதன்பின் அது வழக்கமாயிற்று. விஷயம் தெரியாமல் ஒரு ஜோடி சந்தோஷமாக வெளியேறினால் ஒரு சாண். நாலாவது வருடம் தரைத்தளம் முழுக்க உள்ளே போய்விட்டது. அந்த வருடம் மிளகு விலையும் இறங்கியிருந்தது. ஊரார் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். டாக்டர் முதல் மாடி ஜன்னலை உடைத்து வாசலாக்கி, அதற்கு ரிப்பன் கட்டி, ‘புதிய தரைத்தளம்’ என்று திறப்புவிழா நடத்தினார். பழைய தரைத்தளத்தைப் பற்றிக் கேட்ட நிருபரிடம், பூமிக்கடியில் தளம் வைத்திருக்கும் ஒரே மலைவாச மையம் இதுதான் என்றார். நிருபர் அப்படியே எழுதினார்.

கட்டடம் இறங்கியதில் ஒரே ஒரு சிக்கல்தான் உடனே வெளிப்பட்டது. செப்டிக் டேங்க் வெளியே, பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது. கழிவு மேல்நோக்கிப் போகவேண்டியிருந்தது. அது போக மறுத்தது. கீழ்க் கழிப்பறைகளைப் பூட்டிவிட்டு மேல்மாடியில் இருப்பதைப் பயன்படுத்தினார்கள். கூட்டிப் பெருக்குகிற அத்தாயிக்கு இதில் நஷ்டமில்லை. மையத்தின் கழிப்பறையை அவள் கழுவலாமே தவிர உள்ளே போகக் கூடாது என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். சாலைக்கு அந்தப்புறம் இருந்த தன் வீட்டுக்கு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூசுக்கு, மழையிலும் ஓடிவிட்டு வருவாள். தாழ்ப்பாள் வைக்காமலே, கட்டி முடித்தாயிற்றென்று ஆட்கள் படமெடுத்துக்கொண்டு போய்விட்ட கக்கூஸ் அது.

கவிதாவின் மகன் கோபிக்கு நாலு வயதானபோது, மார்கழியில், ஏற்காடு அரசு ஆஸ்பத்திரி வாசலில் சுதாராணி அவர்களைப் பார்த்தாள். பையனுடைய கைவிரல்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. அழுது அழுது குரல் போய்விட்டதால் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கவிதா அவனை ரெண்டு கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“சிஸ்டர், நல்லாருக்கீங்களா? பாருங்க உங்க புள்ளைய,” என்றாள் கவிதா, உண்மையான சந்தோஷத்தோடு. “பனி வந்தா இப்பிடித்தானுங்க. ஏதோ காத்துக்கருப்புங்கறாங்க. மந்திரிச்சுக் கட்டியிருக்கறேன். நீங்கதான் அன்னிக்கு ஊசி போட்டீங்க, உங்க கைராசி இவன்.”

போன மாதம் மையத்திலிருந்து பையனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்திருந்ததாம். தொண்ணூற்றாறில் ஒருவன். சுதாராணி அங்கேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியையும் சொன்னாள். கவிதா கடைசிவரை கேட்டுவிட்டு, “உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?” என்றாள். தெரியும் என்றாள் சுதாராணி. கவிதா கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அன்று மாலை மையத்தின் கட்டடம் ஒரு சாண் எழும்பியிருந்ததை அத்தாயி பார்த்தாள். வாசலில் கூடுதலாக ஒரு படி, சேறும் மண்புழுவுமாக, துடைக்கக் காத்திருந்தது.

அடுத்த வாரம் புவனா வந்தாள். மாரமங்கலத்தில் சாமையும் காப்பியும் போடுகிற மாதேஷின் மனைவி. அவன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். எட்டு வருடம் பிள்ளையில்லை. இருந்த மாட்டை விற்று, ஊசிகளைத் தாங்கி, அவளிடமிருந்து முட்டைகள் எடுத்து, நாலு கருக்கள் உருவாக்கி, உறைய வைத்திருந்தார்கள். இனிமேல் அவளிடம் முட்டை வராது என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த நாலுதான் அவளுக்கு எல்லாம். கருவை வயிற்றில் வைக்குமுன் போடும் கடைசி ஊசிக்காகக் கட்டிலில் படுத்திருந்தவள் வழக்கம்போல முழங்கையைப் பிடித்தாள்.

“ஏனுங்க சிஸ்டர், எங்க ரத்தத்துல ஒண்ணுமில்லீங்களே? இவுங்க தங்கச்சி பதினோரு வயசுல கைகாலு வலி வலின்னே போயிட்டா. டாக்டரக் கேட்டா ஃபர்ஸ்ட் கிளாஸுங்கறாரு.”

“சும்மா இரு புள்ள,” என்றான் கதவோரம் நின்ற மாதேஷ். பிறகு அவனே சிரித்தான். “இல்லீங்க சிஸ்டர், எங்கூட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவரு, காளையோட அம்மா எத்தன லிட்டர் கறந்துச்சு, காளைக்கு என்ன சீக்கு இருந்துச்சு, எல்லாத்தயும் சொல்லிப்போட்டுத்தான் ஊசியவே கையில எடுப்பாரு. இங்க நம்ம ரத்தத்தப் பத்தி நம்மகிட்டயே சொல்ல மாட்டேங்கறாங்க பாருங்க.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நன்றாகச் சிரிப்பாள் என்று பெயரெடுத்தவள் சிரிக்கவில்லை. இருவரையும் மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“உக்காரு கண்ணு. நீங்களும் உக்காருங்க. உங்க ரெண்டு பேருக்கும் பாதி பாதி இருக்குது. தங்கச்சிக்கு வந்தது அதுதான். உங்களுக்குப் பொறக்கற ஒவ்வொரு புள்ளைக்கும், ஒவ்வொரு தடவையும், நாலுல ஒரு பங்கு அது முழுசா வர வாய்ப்பிருக்குது. ஒண்ணுக்கு வந்துட்டா அடுத்ததுக்கு வராதுன்னு இல்ல. ஆனா வயித்துல வெக்கறதுக்கு முன்னாடியே கருவச் சோதிச்சுப் பாக்கலாம். இங்க செய்ய மாட்டாங்க. கோயமுத்தூர்ல செய்யறாங்க.”

“இங்க ஏனுங்க செய்ய மாட்டாங்க?”

“சோதிச்சா சிலதக் கழிக்கணும். கழிச்சா போர்டுல நம்பர் கொறஞ்சிரும்.”

புவனா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, “இத்தன மாசமா எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சீங்களே சிஸ்டர்,” என்றாள். சுதாராணி கோயமுத்தூர் விலாசத்தை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தாள். ஜன்னலில் மண்மட்டம் ஒரு சாண் கீழே போனது.

மறுநாள், விஷயம் காதுக்கு எட்டி, டாக்டர் சுதாராணியைக் கூப்பிட்டார். “நீ ஒரு நர்ஸ், ஞாபகம் இருக்கட்டும்,” என்றார்.

“அதுதாங்க சார் ஞாபகம் வந்துச்சு,” என்றாள் சுதாராணி. மத்தியானத்துக்குள் அவளுக்கு வேலையில்லை.

புவனாவும் மாதேஷும் தங்கள் கருக்களைக் கேட்டார்கள். கருக்கள் உலகத்தரத்தில் பத்திரமாக இருக்கின்றன, வேண்டுமானால் இங்கேயே வயிற்றில் வைக்கிறோம், வெளியே கொடுப்பது மரபல்ல என்றார் டாக்டர். கருக்களை வைத்திருந்த உறைகலங்கள் இருந்த சோதனைக்கூடம் முதல் மாடியில். ‘புதிய தரைத்தளம்’ என்று ரிப்பன் வெட்டப்பட்ட அதே தளம். மிச்சமிருந்த சிஸ்டர்கள் வேலைக்குப் பயந்து இன்னும் நன்றாகச் சிரித்ததில், அடுத்த ரெண்டு வருடத்தில் அதுவும் புதைந்துபோனது. கருக்கள் உருகிவிடாமல் உறைகலத்தில் ஊற்றவேண்டிய திரவ நைட்ரஜனை மேல்மாடி வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். எந்த நாள் படிக்கட்டில் மண் இறங்கி வழி அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. புவனா வாரம் ஒருமுறை மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, தன் நாலு பிள்ளைகளும் புதைந்திருக்கிற இடத்துக்கு மேலே, ரோட்டோரத்தில், மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவளுக்காக அத்தாயி ஒரு சாக்கு விரித்து வைத்திருந்தாள்.

இரண்டாம் மாடியை மறுபடியும் ‘புதிய தரைத்தளம்’ என்று திறக்க நாள் குறித்தார்கள். ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர் கத்திரிக்கோலோடு வந்தார். பந்தலில் நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாதென்று, அப்போது சிகிச்சையில் இருந்த ஜோடிகளையும் ஏற்கெனவே பிள்ளை பெற்றுப்போன ஜோடிகளையும் அழைத்திருந்தார்கள். டாக்டர் புதிய வாசலுக்குள் மைக்கோடு நின்று மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சுதாராணி சாதாரணப் புடவையில் பந்தலுக்குள் வந்தாள். கடைசி வரிசையில் ஒரு ஜோடியின் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், காதோடு சொன்னாள். கட்டடம் ஒரு சாண் எழும்பியது. அடுத்த ஜோடி. இன்னொரு சாண். அதைப் பார்த்ததும், ரோஜாத்தட்டு ஏந்தி நின்ற மற்ற சிஸ்டர்கள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஜோடியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாங்கள் எடுத்த ரத்தத்தின் முடிவு அவரவர்க்குத் தெரியும். சில பெண்கள் அழுதார்கள்; ஒருவர் ஒரு சிஸ்டரை அறைந்தார்; அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

துணைவேந்தர் ரிப்பனை வெட்டப் போனார். ரிப்பன் அவர் மார்புக்கு மேலே போனது. எம்பிப் பார்த்தார். ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ஸ்டூலில் ஏறியபோது ரிப்பன் அதற்கும் மேலே போய்விட்டது. “கட்டடம் வளர்ந்துகொண்டே இருக்கிறது,” என்று டாக்டர் மைக்கில் சமாளித்தார். துணைவேந்தருடைய உதவியாளர் கைதட்டினார். அதற்குள் மண்ணை உதிர்த்துக்கொண்டு சோதனைக்கூடத்தின் ஜன்னல்கள் வெளியே வந்துவிட்டன.

சுதாராணி முன்கூட்டியே சொல்லிவைத்தபடி மாதேஷ் அங்கே தயாராக நின்றிருந்தான். சினை ஊசி போடுகிறவரிடம் கெஞ்சி வாங்கிவந்த மாட்டாஸ்பத்திரி நைட்ரஜன் கேன் அவன் தோளில் தொங்கியது. உள்ளே சோதனைக்கூட சிஸ்டர் சங்கீதா ஜன்னலைத் திறந்தாள்.

“புவனாவோடது நாலு. ஆட்டாமப் புடிங்கண்ணா. இதுல மாட்டு விஷயம் ஒண்ணும் மிச்சமில்லையே?”

“புதுசா நெரப்பிட்டு வந்தேனுங்க. காளையெல்லாம் அவரு எடுத்துக்கிட்டாரு.”

நாலையும் அதில் இறக்கி மூடினாள். மற்றவர்களுடைய பெரிய உறைகலங்களையும் ஜன்னல் வழியாகவே, சாயாமல், வெளியே நின்றவர்கள் கையில் இறக்கிவிட்டு, கடைசியில் அவளும் குதித்தாள்.

டாக்டர் அப்போதுதான் பார்த்தார். மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, மலை முழுக்கக் கேட்கும்படி, “அன்பார்ந்த பெற்றோர்களே! யாரும் எதையும் நம்பாதீர்கள்! உங்கள் எல்லோருடைய ரத்தமும் சுத்தம்! யாருக்கும் ஒன்றும் இல்லை! நூற்றுக்கு...” என்றார். அத்தனை ஜோடிகளுக்கும் ஒரே மூச்சில் சொன்னதால் கட்டடமும் ஒரே மூச்சில் இறங்கியது. புழுதிகூடக் கிளம்பவில்லை. மைக் ஒயர் ஒரு விநாடி விறைத்து நின்று, அறுந்தது. துணைவேந்தர் ஸ்டூல்மேல், கையில் கத்திரிக்கோலோடு, எதிரே மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

டாக்டருக்குக் கீறல்கூட இல்லை. சாயங்காலம் படியேறி, மொட்டைமாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, மையம் முழுமையாகப் பூமிக்கடித் தொழில்நுட்பத்துக்கு மாறிவிட்டது என்று அறிவித்தார். விசாரணைக் கமிட்டி ஒன்று வந்து மூன்று நாள் நல்ல ஓட்டலில் தங்கி ஆராய்ந்தது. கட்டடம் இறங்கியதற்கு மண்ணின் தன்மையும், ஜோடிகள் கலவரமடைந்ததற்குச் செவிலியர்களின் கட்டுப்பாடின்மையும் காரணம் என்று முடிவு செய்தது. டாக்டருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. சுதாராணிக்கு ஆறு மாதம் எங்கேயும் வேலை செய்யக் கூடாதென்று தடை வழங்கப்பட்டது. அடிவாரத்துப் போர்டில் தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழாயிற்று.

மாட்டாஸ்பத்திரி கேன் மாதேஷின் மடியில், பஸ்ஸில், கோயம்புத்தூர் போனது. நாலில் ஒன்று உருகும்போதே போய்விட்டது. ஒன்றில் நோய் முழுதாக இருந்தது. புவனா அதற்காக ஒருநாள் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாவது அவள் வயிற்றில் தங்கவில்லை. நாலாவது, பெண் குழந்தை, இப்போது மாரமங்கலத்தில் கோழி துரத்துகிறது. தன் அம்மாவைப் போல அவளுக்கும் பாதி உண்டு. பெரியவளானதும் அவளிடமே சொல்லிவிடுவதென்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். தடை முடிந்த சுதாராணி அந்த ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். சொல்லவேண்டியதைச் சொல்கிறாள், திட்டு வாங்குகிறாள். அந்தக் கட்டடம் ஒழுகுகிறது, இறங்கவில்லை. கோபிக்குச் சேலத்தில் மாத்திரை கொடுக்கிறார்கள். வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. பனி வந்தால் ரெண்டு கம்பளி இப்போதும் வேண்டும். கவிதா சுதாராணியோடு பேசுவதில்லை. பேசவேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

அமுதகலசம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. போர்டைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மிளகை மிதிக்காமல் ஓரமாக நடந்து, மொட்டைமாடிக் கதவு வழியாகக் கீழே இறங்குகிறார்கள். டாக்டர் அங்கேயே தங்கிவிட்டார். மேல்மாடிக் கழிப்பறையும் இப்போது செப்டிக் டேங்குக்குக் கீழே இருப்பதால், தினமும் காலையில் அவர் பச்சை வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து அத்தாயி வீட்டுக் கக்கூசுக்குப் போகிறார். அதற்கு இன்னும் தாழ்ப்பாள் இல்லை. “உள்ள ஆளிருந்தா வாயத் தொறந்து சொல்லிக்கிட்டே இருக்கோணுங்க சார், இல்லாட்டி யாராச்சும் கதவத் தள்ளிப்போடுவாங்க,” என்று அத்தாயி முதல்நாளே சொல்லிவிட்டாள். வெளியே வரும்வரை அவர், “ஆள் இருக்கு, ஆள் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.